வாளியின் கனம்

என்னிடம் ஒரு பித்தளைப் பாலாடை இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்ட வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்களே, ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்குமே, அதுதான். ஒரு வாய்க்கு மேல் பிடிக்காது. விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கிறது. கையில் எடுத்தால் பெருவிரல் தானாக அந்த நசுங்கலில் போய் உட்காரும். பிள்ளை பெறாத ஒருத்தியின் தகரப் பெட்டிக்குள் இது எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் எரிந்து விழுவேன் என்று தெரியும். நான் கோபக்காரி. அந்தக் கோபத்தில் ஒரு நாள் நான் சொன்ன நாலு சொல்லால் ஓர் உயிர் போயிற்று என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, முந்தின வருஷம்போலவே, வாந்திபேதி வந்தது. வண்டியூர்ப் பாதையில், தெப்பக்குளத்தைத் தாண்டி, பொட்டல் வெளியில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு நோயாளிகளை அங்கே கொண்டுவந்து போட்டார்கள். ஊர் அதைப் பேதி ஷெட் என்றது. அந்த வழியாகப் போகிற வண்டிக்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டை முடுக்குவார்கள். நான் அங்கே பகல் நர்ஸ். உசிலம்பட்டிப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்கு வந்தது என் தம்பியால். பத்தொன்பது வயதில் எனக்குப் புருஷன் செத்துப்போனான். இன்னொருத்தனுக்குக் கட்டிவைத்துவிட மொத்தச் சொந்தமும் ஒற்றைக் காலில் நின்றது. மாட்டேன் என்றேன். என் பக்கம் நின்றவன் அவன் ஒருத்தன்தான். "அக்காவுக்குப் பிடிக்கலைன்னா விடுங்க" என்று பெரியவர்களோடு மல்லுக்கட்டி, இந்தத் தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிவந்து, மதுரையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டுப் போனான். நர்ஸாக நான் உடுத்திய வெள்ளைச் சேலை அவன் கொடுத்தது என்றுதான் எப்போதும் நினைப்பேன்.

ஷெட்டில் கட்டில்கள் எல்லாம் கித்தான் கட்டில்கள். நடுவில் ஓர் ஓட்டை, அதற்குக் கீழே ஒரு வாளி. வாந்திபேதி வந்தவருக்கு எழுந்து போகத் தெம்பு ஏது? உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் அரிசி கழுவிய நீர்போல அந்த ஓட்டை வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் நன்றாக இருந்த ஆள் சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய், விரல் நுனிகள் சுருங்கி, தொண்டை கட்டி, அடையாளம் தெரியாமல் ஆகிவிடுவார். ரத்தக் குழாயில் சலைன் ஏற்றுவோம். அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது ஷெட்டின் சட்டம். குடித்தால் வாந்தி கூடும், வாந்தி கூடினால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம், அவ்வளவுதான். வாசலில் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். பெரிய சிஸ்டர் அந்தப் பலகையைத் தினமும் துடைக்கச் சொல்வார். அவர் சட்டம் தெரிந்தவர். உயிர் போனவரின் தலையணையைக்கூட நேராக்கிவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்புவார்.

வாளிகளை எடுத்துக் கொட்டிக் கழுவி வைக்க ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளை எல்லோரும் வாளிக்காரம்மா என்றோம். 'அம்மா' என்று பேரில்தான் இருந்தது. கூப்பிட்டதெல்லாம் 'ஏய், இங்க வா' என்றுதான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சேரியிலிருந்து வருகிறவள் என்பதால் சமையல்காரர் அவளுக்குக் கஞ்சியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, எட்ட இருந்து தூக்கி ஊற்றுவார். கட்டிலடியில் அவள் குனிந்து, வாளியை எடுத்து, இரண்டு எட்டு வைத்து, ஒரு கணம் நிற்பாள். பிறகு போவாள். அந்த ஒரு கணம் ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கை வலிக்கிறது போலும் என்று நினைத்திருப்பேன், அதுவும் நினைத்திருந்தால். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம், நாடியையும் சலைன் பாட்டிலையும். கீழே இறங்குவதை நோயாளியின் சீட்டில் 'பலமுறை' என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுவோம். எம்புட்டு இறங்கியது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் கிடந்தவனை இறக்கியபோது காலைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் கலப்பைக் கொழு பட்ட தழும்பு. என் தம்பி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தவன், சந்தையில் உழவு மாடு பிடிக்க இரண்டு நாள் தங்கியிருக்கிறான். ஊரில் அவன் பெண்டாட்டி, பிறந்து நாலு மாதமான பெண் பிள்ளை. டாக்டர் அன்றைக்கு மேலூருக்குப் போயிருந்தார். அங்கேயும் நோய் கண்டிருந்தது. சலைன் ஒரே ஒரு பாட்டில் மிச்சம். அதை நானே ஏற்றினேன். ரத்தக் குழாய் அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தினேன். அந்தப் பாட்டில் பன்னிரண்டு மணிக்குள் இறங்கி முடிந்தது. அடுத்தது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். ஆள் அனுப்பியிருந்தோம். வண்டி வரவில்லை.

"அக்கா, நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஒரு மடக்குத் தண்ணி."

எத்தனை தடவை கேட்டான் என்று எனக்குத் தெரியாது. வெயில் கீற்றுக்குள் புகுந்து கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் மண்பானை நிறையத் தண்ணீர் இருந்தது. நான் ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்தேன். அவன் அந்தத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். "குடுக்கக் கூடாதுடா, குடிச்சா செத்துப்போவே" என்று சொல்லிப் பிடுங்கினேன். என் படிப்பை அவனிடமே காட்டினேன். அவன் வாதாடவில்லை. நான் படித்தவள் அல்லவா? படிக்க வைத்தவனே அவன்தானே?

இரண்டு மணி சுமாருக்கு வாளிக்காரம்மா அவன் கட்டிலுக்கு வந்தாள். வாளியை எடுத்தாள், நின்றாள், ஆனால் போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானைக்குள் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நர்ஸம்மா, கோவிச்சுக்கிறாதீக. நான் ஒண்ணு..."

நான் திரும்பினேன். வராத வண்டி மேல், இல்லாத டாக்டர் மேல், என் மேல் இருந்த அத்தனையும் அவள் மேல் போய் விழுந்தது. "வாளியைத் தூக்கிட்டு வெளிய போ" என்று கத்தினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாலு மணிக்குத் தம்பி கேட்பதை நிறுத்தினான். அதற்குச் சற்று நேரத்தில் எல்லாம் நின்றது. சலைன் வண்டி ஐந்து மணிக்கு வந்தது.

மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பினேன். வேறு ஆள் இல்லை. எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. தம்பி கிடந்த கட்டிலில் வேறு யாரோ கிடந்தார். பின்வாசலை ஒட்டிய வரிசையில் படுத்திருந்தவர்கள் சலைன் இல்லாமலே பிழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லோரும் அல்ல. ஆனால் மற்ற வரிசைகளைவிட அதிகம். பெரிய சிஸ்டர் பின்வாசல் காற்றோட்டம் என்றார். நான் அன்று மத்தியானம் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் நின்றேன். வாளிக்காரம்மா ஒரு கிழவர் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் பாலாடை. பக்கத்தில் ஒரு சிரட்டையில் கஞ்சித் தெளிவு. அவர் குமட்டி வாந்தி எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அசந்துபோய் மூச்சை விட்டார். அந்த இடைவெளியில் பாலாடை மூக்கு அவர் கடைவாயில் போய்ச் சாய்ந்தது. ஒரு வாய். பிறகு காத்திருந்தாள். மறுபடி ஒரு வாய்.

என்னைக் கண்டதும் பாலாடையை முந்தானைக்குள் மறைத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அன்றைக்கு அந்த முந்தானைக்குள் என்ன இருந்தது என்று.

"என் தம்பிக்கும்..." என்றேன்.

"அதுக்குத்தாம்மா வந்து நின்னேன். நீங்க வெரட்டிட்டீக." குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "முன்னாடியே சொல்லலாம்னா, சட்டத்தை மீறிட்டேன்னு சீட்டைக் கிழிச்சிருவீக. அப்புறம் இவுகளுக்கு ஒரு வாய் ஊத்தக்கூட ஆளிருக்காது."

கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் ஊற்றியும் செத்தவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மணிக்கு அவனால் விழுங்க முடிந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்தது. வழி தெரிந்தவளும் பக்கத்தில் இருந்தாள். நடுவில் இருந்தது நான்தான். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒன்றாகத்தான் வருகிறது.

எப்படிச் செய்கிறாய், சொல் என்று கேட்டேன். அவள் திணறினாள். கஞ்சித் தெளிவுக்கு உப்பு எம்புட்டு என்றால், "அழுதா வாயில கரிக்கும்ல, அம்புட்டுத்தான்" என்றாள். எப்போது ஊற்ற வேண்டும் என்றால், "சொல்லத் தெரியாதும்மா. கையைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். எல்லாம் பிடிபட்டதுபோல் இருந்தது. பாலாடையை வாங்கி அடுத்த கட்டிலில் நானே ஊற்றினேன். அந்த அம்மாள் அத்தனையையும் என் சேலை மேலேயே வாந்தி எடுத்தார். அவசரப்பட்டிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப" என்றாள். என்னைத் தொட்டுவிட்டோமே என்று சட்டென்று கையை எடுக்கப் போனாள். நான் விடவில்லை. ஏழெட்டுக் கட்டில் போன பிறகுதான் என் கைக்கு அந்த 'இப்ப' பிடிபட்டது. இன்றைக்கும் அதை எழுதிக் காட்டு என்றால் எனக்கு எழுதத் தெரியாது.

டாக்டர் மேலூரிலிருந்து திரும்பியதும் போய்ச் சொல்லிவிட்டேன். என் சீட்டும் கிழியும் என்றுதான் போனேன். கிழியட்டும் என்றுகூட இருந்தது. அவர் பல நாள் தூங்காத முகத்தோடு வாளிக்காரம்மாவைக் கூப்பிட்டு, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். "வாளி கனத்தை வச்சுத்தான்யா. எம்புட்டுப் போகுதோ அம்புட்டு உள்ள போகணும்ல?" என்றாள். டாக்டர் பக்கத்துக் கட்டிலடி வாளியைக் காட்டி, இது எப்படி என்றார். அவள் தூக்கி, அந்த ஒரு கணம் நின்றாள். "விடியலுக்கு முழு வாளி. இப்பக் கால் வாளிதான். நிறமும் மாறிருச்சு. இந்த ஆளு தேறிருவாரு." டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் என் கையெழுத்தில் 'பலமுறை' என்று இருந்தது. சீட்டை மூடி வைத்துவிட்டு, வாளியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிப் பார்த்தார்.

மறுநாள் காலையிலிருந்து ஷெட்டில் ஒரு வழக்கம் வந்தது. வேலை மாறுகிற நேரத்தில், போகிறவர்களும் வருகிறவர்களும் வேப்பமரத்தடியில் கூடி அவரவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாள் படு தோல்வி. சமையல்காரர் அவளோடு ஒரே நிழலில் நிற்க மாட்டேன் என்று போய்விட்டார். அவள் பத்தடி தள்ளி வெயிலில் நின்றாள், வாயே திறக்கவில்லை. நாங்கள் சட்டத்தில் உள்ளதையே ஒப்பித்துவிட்டுக் கலைந்தோம். அன்று சாயங்காலம் டாக்டர் மரத்தடியை விட்டுவிட்டார். அவளை முன்னே நடக்கவிட்டு, நாங்கள் அத்தனை பேரும் பின்னால் போனோம். கட்டிலுக்குக் கட்டில் அவள் வாளியைத் தூக்குவாள். பிறகு போகிற நர்ஸ் தூக்க வேண்டும், வருகிற நர்ஸ் தூக்க வேண்டும். கனத்தைக் கை மாற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் வேலை மாறும். பேச்சு வராத அவளுக்கு நடந்தால் வார்த்தை வந்தது. "இவருக்கு வலப்பக்கம் ஊத்துனா நிக்கும்." "இந்த அம்மா வெக்கப்படுது, மொகத்தைத் திருப்பிக்கிட்டு ஊத்துங்க." பெரிய சிஸ்டர் மூன்று நாள் வாளியைத் தொடவில்லை. நாலாம் நாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினார். நின்றார். "இது காலையில இருந்ததைவிடக் கனம்" என்றார், தனக்குத்தானே. வாளிக்காரம்மா தலையாட்டினாள். வாசல் பலகையை அன்றைக்கு யாரும் துடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், தப்புகளும் அந்த நடையில் வெளியே வந்தன. அதுவரை ஷெட்டில் தப்பைச் சொன்னவருக்குத்தான் தண்டனை. மறைத்தவருக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஒருவர், அவசரத்தில் முழுக் குவளையை ஊற்றிவிட்டேன், ஆள் போய்விட்டார் என்று அழுதார். டாக்டர் திட்டவில்லை. எந்த இடத்தில் அவசரம் வந்தது என்று மட்டும் கேட்டார். பெரிய சிஸ்டர்கூட ஒரு நாள் தன் தப்பைச் சொன்னார். என் தம்பி கிடந்த கட்டிலருகே தினமும் இரண்டு முறை அந்த வரிசை நிற்கும். தினமும் இரண்டு முறை சொல்லிவிட வாயெடுப்பேன். நான் சொல்லவில்லை. வாளிக்காரம்மாவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு வாளியை என்னிடம் நீட்டுவாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள். அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சத்தம் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் தேவலை.

மழை விழுந்ததும் நோய் அடங்கியது. கீற்றைப் பிரித்தார்கள். அவள் வேலை அதோடு சரி. கடைசி நாள் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்து பாலாடையை நீட்டினாள். உங்கள் வீட்டில் வேண்டாமா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் நான் அவளிடம் 'நீங்கள்' என்று பேசினேன், முதலும் கடைசியுமாக.

"வீட்ல யாருக்கும்மா? எம்புள்ளைக்கு வாங்குனது. ஒண்ணரை வயசு. போன வருசம் இதே மாதிரி ஷெட்டுல போட்டிருந்தேன். தண்ணி தண்ணின்னுச்சு. குடுக்காதேன்னு வெள்ளைச் சீலை கட்டுன ஒரு நர்ஸம்மா சொன்னாக. நான் குடுக்கல." பாலாடையை என் கையில் வைத்து, "அதுக்கப்புறந்தான் இந்த வேலைக்கு வந்தேன். யாராச்சும் குடுத்தா என்ன ஆவுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

முந்தின வருஷம் போட்ட ஷெட்டிலும் பகல் நர்ஸ் நான்தான். எத்தனையோ தாய்மாரிடம் அதையே சொல்லியிருக்கிறேன். அவள் முகமோ அந்தப் பிள்ளையின் முகமோ எனக்கு நினைவில்லை. அந்த நர்ஸ் யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கேட்கட்டும் என்பதுபோல. பிறகு வண்டியூர்ப் பக்கம் நடந்து போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி மகள் அப்போது நாலு மாதப் பிள்ளை என்றேனே, அவளை நான்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். போன வாரம் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பலவீனம், மார்பைப் பிடித்து உறிஞ்சத் தெம்பில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புகட்டினால் புரையேறி நீலம் பாரிக்கிறது. நேற்று மத்தியானம் அவள் பயந்துபோய் அழுதாள். நான் பெட்டியைத் திறந்து பாலாடையை எடுத்தேன். பிள்ளையை மடியில் போட்டு, காத்திருந்து, அது அசந்து மூச்சு விட்ட இடைவெளியில் ஒரு வாய் சாய்த்தேன். இறங்கிற்று. மறுபடி காத்திருந்தேன். புரையேறவில்லை.

"எப்படி அத்தை?" என்று வாய் பிளந்து கேட்டாள்.

"சொல்லத் தெரியாது. கையைப் பாரு" என்றேன்.

"உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

வழக்கம்போல் எரிந்து விழுந்திருக்கலாம். அவள் பேசாமல் போயிருப்பாள். ஆனால் வேப்பமரத்தடியில் சொல்லாதது, கட்டிலுக்குக் கட்டில் விழுங்கியது, அவள் முகத்தில் இருக்கிற என் தம்பியின் மூக்கையும் கண்ணையும் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது. வண்டி வந்து நின்றதிலிருந்து சொன்னேன். அவள் அப்பன் எத்தனை தடவை தண்ணீர் கேட்டான் என்று சொன்னேன். மூலையில் பானை இருந்ததைச் சொன்னேன். ஒருத்தி வந்து நின்றதையும், நான் விரட்டியதையும் சொன்னேன். பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிள்ளை பசிக்கு மறுபடி சிணுங்கத் தொடங்கியது, பிறகு வீறிட்டது. அவள் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களே புகட்டுங்க அத்தை" என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

பாலாடையை எடுத்தேன். பெருவிரல் தானாகப் போய் நசுங்கலில் உட்கார்ந்தது.